மூக்கைத் தொட்டால் மூச்சு வாங்கும்

பயிற்சி நிலையத்தில் அவளை நேரில் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கத்திரி. மதிப்பெண்ணை அரை அரையாக வெட்டுவாள், வெட்டியதைத் திரும்ப ஒட்ட மாட்டாள் என்பதால் வந்த பெயர். அது அவள் காதுக்கு வந்து சேர்ந்தே பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் தையல்காரர். நாள் முழுக்கக் கையில் ஒரு கத்திரி, வீட்டுக்கு வந்தால் இன்னொன்று என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்களுக்குச் சொல்லித் தருவதும், அவர்கள் தேறினார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலை. நாற்காலிக் கடை ஒன்றின் மாடியில் நீளமான கூடம். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, இன்னொரு சுவரில் எலும்புப் படமும் தசைப் படமும். ஆறு மாதப் படிப்பு. எழுத்துத் தேர்வை வாரியம் நடத்திக்கொள்ளும். செய்முறைத் தேர்வுக்கு அவள் ஒருத்திதான். சான்றிதழின் அடியில் அவள் கையெழுத்து இருந்தால்தான் ஜிம்மிலோ பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ ஒருவர் வேலைக்குச் சேர முடியும்.

அவளுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. பதினேழு வயதிலிருந்து ஒரு மருத்துவமனையின் உடற்பயிற்சி அறையில் நோயாளிகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற வேலை. நடக்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே, இன்னும் நாலு எட்டில் இவருக்குக் கால் மடங்கும் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அந்த அறையில்தான் ஒருவர் ஓடும் இயந்திரத்தின் விளிம்பில் சும்மா இளைப்பாறுவது போல உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. பயிற்சியாளர் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்திரி தேர்வாளராகிப் பதினாலு வருஷம் ஆகியும் அந்தக் கடிகாரத்தை அவளால் மறக்க முடியவில்லை. நூறு மதிப்பெண்ணில் இருபதை அவள் கவனிப்புக்கென்றே ஒதுக்கி வைத்தாள். அதில் பதினைந்துக்குக் கீழே போனால் மற்ற எண்பதும் தண்டம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. படிக்க வருகிறவர்கள் எல்லாம் கல்லைத் தின்று செரிக்கிற வயசுக்காரர்கள். தேர்வில் ஒருவர் பயிற்சியாளர், கூடப் படிக்கிற இன்னொருவர் நோயாளி. ஒரு படி உயரத்துக்கு இருக்கும் படிப்பெட்டியில் இருபது நிமிஷம் ஏறி இறங்கினாலும் அந்த நோயாளிக்கு ஒரு துளி வேர்க்காது. அதனால் கத்திரி சீட்டு எழுதிக் கொடுப்பாள். ஏழாவது நிமிஷம் மூச்சு வாங்க வேண்டும், பத்தாவது நிமிஷம் தலை சுற்ற வேண்டும் என்று இருக்கும். நோயாளி மட்டும் அதைப் படித்து மடித்துக் கொடுத்துவிட்டு அதன்படி நடிக்க வேண்டும். பயிற்சியாளராக நிற்பவர் அதைக் கண்டுபிடித்து, வேகத்தைக் குறைத்து, சட்டென்று நிறுத்தாமல் மெல்ல நடக்கவிட்டு, பிறகு உட்கார வைக்க வேண்டும்.

இந்தத் தடவை பதினொரு பேர். பதினொரு பேரும் கவனிப்பில் பதினெட்டுக்கு மேல். மூச்சு வாங்க ஆரம்பித்த கணமே ஓடிவந்து நின்றார்கள். பதினாலு வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை என்று அவளே நிலையத்தின் செயலாளரிடம் வாய்விட்டுச் சொன்னாள். கத்திரி வாயிலிருந்து பாராட்டா என்று அவர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே மழை வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

சான்றிதழ்கள் போய்ச் சேர்ந்த வாரம், வெள்ளிக்கிழமை காலையில், அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான கண்டக்டர் வந்தாள். பஸ்ஸில் ஒன்பது வருஷம் டிக்கெட் கிழித்தவள். அது பிடிக்காமல் இந்தப் படிப்புக்கு வந்து, பெண்கள் ஜிம் ஒன்றில் இப்போதுதான் சேர்ந்திருந்தாள். பிஸ்கட் டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தாள். நன்றி சொல்ல வந்தவள் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னாள்.

"எங்களுக்குத் தெரியும் மேடம், நீங்க பாத்தும் பாக்காத மாதிரி விட்டீங்கன்னு. கத்திரின்னு சொன்ன வாயை எல்லாரும் கழுவிக்கிட்டோம்."

"எதைப் பாத்தும் பாக்காம விட்டேன்?"

"அதான் மேடம், சிக்னல். மூக்கைத் தொட்டா மூச்சு வாங்குது. காதைத் தொட்டா தலை சுத்துது. முட்டியைத் தொட்டா முட்டி. பஸ்ல ஒரு விசிலுக்கு நிக்கறது, ரெண்டு விசிலுக்குக் கிளம்பறது இல்லையா, அந்த மாதிரி. தொட்டுட்டு மூணு எண்ணிட்டுத்தான் நடிக்கவே ஆரம்பிப்போம்."

கத்திரி முகத்தில் எதையும் காட்டாமல் பிஸ்கட் டப்பாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே விடைபெற்று, படி இறங்கிப் போன சத்தம் அடங்கியது. கத்திரி எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாள். தேர்வு நாளில் அவள் நின்ற இடம் அதுதான். அங்கிருந்து அவள் பயிற்சியாளராக நின்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண் அவர்களுக்குத்தானே. நோயாளியாக நின்றவரின் கை எங்கே போனது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முகத்தைப் பார், கையைப் பார் என்று ஆறு மாதம் தொண்டை கிழியக் கத்தியவள் அவள்தான்.

பதினொரு பேரில் பத்துப் பேர் ஜிம், பள்ளிக்கூடம் என்று போயிருந்தார்கள். அதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொள்ளலாம். பதினொன்றாவது ஆள் நெட்டை. கைப்பந்து ஆடுகிற பையன், ஆறடி இரண்டங்குலம், யாரோடும் சிரித்துப் பேசுவான். திங்கள்கிழமையிலிருந்து ஒரு மருத்துவமனையில் இதய அறுவை முடிந்தவர்களுக்கான காலை வகுப்பை அவன்தான் எடுக்கப் போகிறான். அந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்து கடிதம் எழுதியதும் அவள்தான்.

செயலாளரிடம் போனில் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். சான்றிதழ் கைவிட்டுப் போய்விட்டது, இதற்குச் சாட்சி ஒரு பிஸ்கட் டப்பாதான், வாரியத்துக்கு எழுதினால் விசாரணை முடிகிறவரை முதலில் பறிபோவது அவளுடைய தேர்வாளர் உரிமம்தான் என்று வரிசையாக எடுத்து வைத்தார். சிக்னல் வைத்துக்கொண்டதால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமா என்றும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் அவள் பற்றிக்கொண்டாள். ஆகாதுதான். நெட்டைக்குத் தெரிந்தும் இருக்கலாம். ஆனால் அதை யாருமே பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவளும் பார்க்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்ய நாலு தடவை எண்ணை அழுத்தி, நாலு தடவையும் மணி அடிக்கும் முன்னால் வைத்தாள். என்னவென்று சொல்வது? நான் தேர்ச்சி போட்ட ஆளை நம்பாதீர்கள் என்றா? அந்த ஓடும் இயந்திரத்தின் விளிம்பு கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு, "தச்சுக் குடுத்த சட்டையில சந்தேகம்னா, போட்டுப் பாக்காம எப்படித் தெரியும்?" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவளுக்கும் ரத்த அழுத்தம் உண்டு. மூன்று வருஷமாக மாத்திரை. அந்த மாத்திரை இதயத் துடிப்பை அடக்கி வைக்கிற வகை. அதைச் சாப்பிடுகிறவர் எவ்வளவு திணறினாலும் துடிப்பின் எண்ணிக்கை சாதுவாகவே இருக்கும். அப்படிப்பட்டவரிடம் எண்ணைப் பார்க்கக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும், பேசவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவளே மூன்று வகுப்பு எடுத்த பாடம். மாதாந்திரப் பரிசோதனையில், இப்படியொரு மருத்துவமனை வகுப்பில் சேரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சிச் சீட்டு ஒன்று அலமாரியில் சும்மா கிடந்தது. அவளுக்குச் சீட்டு எழுதி நடிக்க வேண்டிய அவசியம் இல்லை. வயது ஐம்பத்து மூன்று. நிஜமாகவே மூச்சு வாங்கும்.

திங்கள் காலை அவள் மருத்துவமனைக்குப் போனபோது பயிற்சிக் கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். வாசல் மேஜையில் நர்ஸ் ஒருத்தி சீட்டை வாங்கிப் பதிந்துகொண்டாள். ஜன்னலோரம் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், சட்டையின் மேல் பித்தான் திறந்திருக்க, நெஞ்சுக்கு நடுவே இன்னும் சிவப்பு மாறாத கோடு தெரிய, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் கத்திரி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நெட்டைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேடமே வந்துவிட்டார்கள் என்று ஆறு பேரிடமும் அறிமுகம் செய்தான். புதிதாக வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் பதினாறு. காகிதத்தை எடுத்தவன் மடித்து மேஜையிலேயே வைத்துவிட்டான்.

"உங்ககிட்ட நான் என்னத்தக் கேக்கறது மேடம்? எனக்கே கேள்வி சொல்லிக் குடுத்தவங்க நீங்க."

மரியாதையால் விழுந்த முதல் ஓட்டை. மாத்திரையைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லாதது சரியா என்று மனசு குத்தியது. ஆனால் சொல்லிவிட்டால் பிறகு அவள் எதைப் பார்க்க வந்தாளோ அதைப் பார்க்க முடியாது.

மணிக்கட்டில் இதயத் துடிப்பை எண்ணும் பட்டை ஒன்றைக் கட்டினான். சுவர்த் திரையில் ஏழு எண்கள் வரிசையாக ஒளிர்ந்தன, அவளுடையது கடைசி. கைகால்களைச் சூடேற்றுகிற பகுதியை அவன் நன்றாகவே நடத்தினான். அவசரமில்லை, குரலில் அதட்டலில்லை. தபால்காரரிடம் லெட்டர் போட வேண்டிய வீடு இன்னும் நாலு தெரு தள்ளி இருக்கிறது, மெதுவாக வாருங்கள் என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தான். அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பையன் பரவாயில்லை, நாம்தான் பேயைக் கண்டதுபோல ஓடி வந்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

பிறகு படிப்பெட்டி. பாட்டின் தாளத்துக்கு ஏறு, இறங்கு. மூன்றாவது நிமிஷம்வரை ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிஷத்தில் தொடை கனத்தது. ஆறில் வாயால் மூச்சு விட ஆரம்பித்தாள். நெட்டை அவள் பக்கம் திரும்பினான், அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தான் என்பது நிச்சயம். கண்ணும் கண்ணும் சந்தித்தன. பிறகு திரையைப் பார்த்தான்.

"தொண்ணூத்தி நாலு! இந்த வயசுல யாருக்கு மேடம் இப்படி இருக்கும்? இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பதில் வராததே ஒரு பதில் என்று எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பாள்! அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாளத்தை ஏற்றினான்.

இப்போது அவளுக்கு வந்த பயம் வேறு. இதுவரை பயந்ததெல்லாம் தபால்காரருக்காக, யாரோ ஒருவருக்காக. இது சொந்தப் பயம். நெஞ்சுக்குள் யாரோ கதவை இடிப்பது போல இருந்தது. காதுக்குள் இரைச்சல். உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது. நிறுத்திவிடலாம், பெட்டியிலிருந்து இறங்கினால் முடிந்தது. ஆனால் அவள் நிறுத்தினால் அவன் நிறுத்தியதாக ஆகாது. இந்த ஆறு பேரில் யாரும் தாங்களாக நிறுத்த மாட்டார்கள். நோயாளிகள் தைரியத்தைக் காட்டப் பார்ப்பார்கள், அதுவும் பாடத்தில் உண்டு. இன்னும் ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாள். நெட்டை அவளைத் தாண்டிப் போனான். திரும்பி வந்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். திரையில் தொண்ணூற்றி ஏழு.

நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள். கை நடுங்கியதால் நெற்றிக்குப் போகாமல் விரல் மூக்கின்மேல் பட்டது.

அவ்வளவுதான். அறையின் மறுகோடியில் நின்றவன் ஒரே தாவலில் வந்துவிட்டான். தாளத்தைக் குறைத்தான். "நிக்காதீங்க மேடம், தரையில மெதுவா நடங்க, மூக்கால இழுங்க, வாயால விடுங்க" என்றான். முழங்கையைப் பிடிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பிடித்தான். நாலு சுற்று நடக்க வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே மண்டியிட்டு அவள் கண் மட்டத்துக்கு வந்து பேச்சுக் கொடுத்தான். ஒரு குறையில்லை. இருபதுக்கு இருபது.

அவள் அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் என்னதான் இருந்ததோ, பேசிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். அவன் பார்வை அவள் மூக்குக்குப் போய், கைக்கு இறங்கியது. முகத்தில் இருந்த ரத்தம் மொத்தமும் வடிந்தது போல வெளுத்தான்.

"மேடம்... நீங்க சும்மா தொட்டீங்களா?"

அவளுக்கு இன்னும் பேச வரவில்லை. மூன்று விரலைக் காட்டி, மாத்திரை என்று உதட்டை அசைத்தாள். மூன்று வருஷமாக என்பதை அவனே சேர்த்துக்கொண்டான். திரையைப் பார்த்தான், தொண்ணூற்றி ஆறு. அவளைப் பார்த்தான். ரவிக்கை தோள்வரை நனைந்திருந்தது. பிறகு மெல்லத் திரும்பி, இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆறு பேரையும் பார்த்தான்.

"இவங்க யாரும் மூக்கைத் தொட மாட்டாங்களே மேடம்," என்றான்.

தாளத்தை அவனே நிறுத்தினான். எல்லோரையும் நடக்கவிட்டு உட்கார வைத்தான். தபால்காரரின் பட்டையைக் கழற்ற இரண்டு தடவை முயன்றான். அவரோ, இன்றைக்குச் சீக்கிரம் தபால் பட்டுவாடா முடிந்துவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் தவணை கேட்டான். அதற்குள் எல்லாப் பாடத்தையும் திரும்பப் படித்துவிடுவதாகச் சொன்னான். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கெட்ட பையன் இல்லை. நாளைக் காலையில் இந்த ஆறு பேர் வருவார்கள், இவர்களில் யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது என்றாள். அதற்குமேல் அவன் கெஞ்சவில்லை. நர்ஸிடம் தானே போய்ச் சொல்வதாகச் சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் வாசல் சுவரில் கைவைத்து நின்று கேட்டாள். பாதியில் ஒரு தடவை அவன் குரல் உடைந்தது. நர்ஸ் நாளை வகுப்புப் பட்டியலை இழுத்து, குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

வாரிய அலுவலகம் நடந்து போகிற தூரம்தான். அவள் ஆட்டோவில் போனாள். கால் இன்னும் தன்னுடையது போலில்லை. வரவேற்பு பெஞ்சில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். இன்ன தேதியில் நடந்த செய்முறைத் தேர்வில் மாணவர்கள் தங்களுக்குள் சிக்னல் வைத்திருந்தார்கள்; நான் பார்த்ததாகச் சான்று அளித்த கவனிப்பை உண்மையில் நான் பார்க்கவில்லை; கீழ்க்கண்ட பதினொருவருக்கும் என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்; மறுதேர்வில் நோயாளிகளாக நிஜமான முதியவர்களையே நிறுத்த வேண்டும். பதினொரு பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். கண்டக்டரின் பெயரை எழுதும்போது அந்த பிஸ்கட் டப்பா நினைவுக்கு வந்தது.

கிளார்க் இரண்டு தடவை படித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, உரிம அட்டையையும் இங்கேயே வைத்துவிடுங்கள் என்றார். வைத்தாள். பதினாலு வருஷம் கழுத்தில் தொங்கிய அட்டை மேஜைமேல் விசிட்டிங் கார்டு மாதிரி கிடந்தது. மனசு கொஞ்சம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள். கிளார்க் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்:

"இந்த சிக்னல் விஷயம் இந்த பேட்ச்ல மட்டும்தானே மேடம்?"

அவளுக்குத் திக்கென்றது. வெளியே வராந்தாவுக்கு வந்து கண்டக்டருக்குப் போன் போட்டாள். ஜிம்மில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அவள் எடுத்தாள். சுற்றி வளைக்காமல், அந்த மூக்கு, காது ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தது என்று கேட்டாள்.

"நானா கண்டுபிடிச்சேன்? போன பேட்ச் அக்கா ஒருத்தங்க சொல்லிக் குடுத்தாங்க மேடம். முட்டி மட்டும் நான் சேத்தது. மொத்த பேட்சும் வெச்சுக்கிட்டது இந்தத் தடவைதான்."

"அவங்களுக்கு யாரு சொன்னா?"

"அதுக்கு முந்தின பேட்ச்னு சொன்னாங்க. ஏன் மேடம்? மேடம்?"

வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வருஷத்துக்கு இரண்டு பேட்ச். முந்நூறு பேருக்கு மேலே இருப்பார்கள். காலை பதினொரு மணி. எத்தனையோ கூடங்களில் எத்தனையோ பேர் இந்நேரம் பெட்டியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்கள், எதிரே நிற்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

உள்ளே போய்க் கடிதத்தைக் கொஞ்சம் கொடுங்கள் என்றாள். கிளார்க் தயங்கினார், மனசு மாறிவிட்டதா, அட்டையையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பேனாவையும் கேட்டு வாங்கினாள். பதினோராவது பெயருக்கும் அவள் கையெழுத்துக்கும் இடையே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. எழுத்து கோணியது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். இதற்கு முன் நான் நடத்திய எல்லாத் தேர்வுகளையும் சேர்த்து.